எட்டு விரல் இருந்த காலம்

கேள்வி: மீன் கரையேறித் தவளையானது, தவளை பல்லியானது என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிலத்தில் நடப்பதற்காக மீனுக்கு விரல் முளைத்தது என்பது சரி, அது எப்படி முளைத்தது என்று கேட்கிறாள். சுருக்கமாகச் சொல்லவும்.
வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. நடப்பதற்காக விரல் முளைத்தது என்று எழுதிவிட்டீர்களே, அந்த விரலை நான் விடப்போவதில்லை.

விரல் முளைத்தது நிலத்தில் அல்ல, தண்ணீருக்குள். சுமார் 36.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகாந்தோஸ்டெகா என்ற நாலுகால் நீர்ப்பிராணியின் புதைபடிவம் கிரீன்லாந்தில் கிடைத்தது. அதன் முன்னங்காலில் எட்டு விரல்கள் இருந்ததை புதைபடிவ ஆய்வாளர்கள் மைக்கேல் கோட்ஸும் ஜென்னி கிளாக்கும் 1990இல் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காலை ஊன்றி அது நிற்கவே முடியாது. உள்ளே மீனுக்குரிய செவுள், வாலில் துடுப்பு. செடி அடர்ந்த ஆழமில்லாத நீரில் துழாவித் தள்ளிப் போவதற்கு அந்த விரல்கள் உதவியிருக்கும். நடை பிற்பாடு வந்தது. இன்னதற்காக முளைத்தது என்று உயிர்களின் வரலாற்றைச் சொல்லும் பழக்கத்தோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. எந்த மீனும் கரையைப் பார்த்து ஆசைப்படவில்லை. இருந்த உறுப்பு புது இடத்தில் பயன்பட்டது, பயன்பட்ட உடம்பு பிழைத்தது.

அப்புறம், நம் கையின் ஐந்து விரல் கணக்கு. இக்தியோஸ்டெகா என்ற இன்னொரு பழைய நாலுகாலிக்குப் பின்னங்காலில் ஏழு விரல். ரஷ்யாவில் கிடைத்த டுலர்பெட்டானுக்கு ஆறு. ஐந்து என்பது பிறகு நிலைத்த கணக்கு. வேறு ஒன்று நிலைத்திருந்தால் நாம் எட்டெட்டாகவோ பன்னிரண்டு பன்னிரண்டாகவோ எண்ணிக்கொண்டிருப்போம், சந்தையில் கூறு கட்டும் கணக்கே மாறியிருக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, மகளிடமும் சொல்லுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டும் அக்காவிடம் கேட்டு, வஞ்சிரத்தின் பக்கத்துச் செட்டையைப் பிரித்துக் காட்டுங்கள். விசிறிபோல முள் விரியும், நம் மேற்கையில் இருப்பதைப்போல ஒற்றை எலும்பு இராது. நம் மூதாதை மீன்கள் வேறு கிளை. அவற்றின் செட்டைக்குள் சதையும், மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு என்று எலும்பும் இருந்தன. 2004இல் கனடாவின் ஆர்க்டிக் தீவான எல்ஸ்மியரில் நீல் ஷூபின் குழுவினர் கண்டெடுத்த டிக்டாலிக் (37.5 கோடி ஆண்டு) அப்படிப்பட்டதுதான்: செதிளும் செட்டையும் மீனுக்கு, அசையும் கழுத்து நமக்கு. கியூபெக்கில் கிடைத்த எல்பிஸ்டோஸ்டெகி என்ற மீனின் செட்டைக்குள்ளேயே விரலெலும்புகள் இருந்தது 2020இல் தெரியவந்தது. பிச்சாவரத்துச் சேற்றில் தாவும் மீனைக் காட்டி இதுதான் நம் பாட்டன் என்று சொல்லாதீர்கள். அதுவும் வஞ்சிரத்தின் கிளையில் வந்தது, தனியாகச் சேறேறியது. இருந்தாலும் போய்க் காட்டுங்கள். படகில் ஏறிய எல்லாரும் மரத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள், நீர் வற்றும் நேரத்தில் சேற்றைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

நுரையீரலும் விரலைவிட மூத்தது. கூரல் மீனின் நெட்டிக்கு நம் கரையில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றுப்பைதான் நுரையீரலாக மாறியது என்று டார்வினே நினைத்தார். நடந்தது நேர்மாறு. பழைய மீன்களிடம் நுரையீரல் இருந்தது, பெரும்பாலான மீன்களில் அதுவே மிதக்கும் பையானது. காற்றை விழுங்கத் தெரிந்த மீனுக்குக் கரை அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது.

தவளையை மட்டும் இந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றைய தவளை பல்லிக்குத் தாத்தா அல்ல, பங்காளி. பல்லியின் வழியைத் திறந்தது முட்டை. பெரும்பாலான தவளைகள் முட்டையிடத் தண்ணீருக்குப் போயாக வேண்டும். ஊர்வன முட்டைக்குள்ளேயே சவ்வு கட்டி, குளத்தை உடன் எடுத்துக்கொண்டு வந்தன. கனடாவின் ஜாகின்ஸில் உள்ளீடற்ற மரக்கட்டைக்குள் கிடைத்த ஹைலோனோமஸ், ஒரு சாண் நீளம், ஏறக்குறைய 31 கோடி ஆண்டு. எலும்பாகக் கிடைத்த மிகப் பழைய ஊர்வனவற்றில் அது ஒன்று. ஆஸ்திரேலியாவில் கிடைத்து 2025இல் அறிவிக்கப்பட்ட, நகம் பதிந்த கால்தடங்களோ ஊர்வனவற்றின் வழியை 35.5 கோடிக்கே கொண்டுபோகின்றன.

இதைப் படித்ததும், மச்சம், கூர்மம், வராகம் என்று நம் முன்னோர் இதை அன்றே சொல்லிவிட்டார்கள் என ஒரு கடிதம் வரும், எப்போதும் வருகிறது. வணங்குபவர் வணங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் கூர்மத்தை மீனுக்கும் பன்றிக்கும் நடுவே படிக்கட்டாக வைக்காதீர்கள். ஆமை ஊர்வன குடும்பம். கடல் ஆமையின் முன்னோர் நிலத்திலிருந்து மறுபடி கடலுக்குப் போனவர்கள். அதனால்தான் முழு வாழ்வும் கடலில் கழிக்கும் பங்குனி ஆமை, முட்டையிட மட்டும் உங்கள் தேவனாம்பட்டினம் மணலுக்கு வருகிறது. அந்த முட்டை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் உள்ளிருக்கும் குஞ்சு மூச்சடைத்துச் சாகும்.

அந்தக் கரையில்தான் மாசி பங்குனியில் விளக்கைப் போட்டு வண்டி ஓட்டுகிறார்கள். வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் உள்ள பக்கம்தான் கடல் என்று நம்பிப் போகும். சாலை விளக்கு அதைச் சாலைக்கு அழைத்துவிடும். மகளோடு அடுத்த பங்குனி இரவில் கடற்கரைக்குப் போனால் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள் கடல் பக்கத்து விளக்கை அந்த இரண்டு மாதம் அணைத்து வைக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து கேட்க நானும் வருகிறேன்.