பூங்காவுக்குள் பைக் ஓட்டுகிறார்கள்: சட்டப்படி என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் நடுவே மாநகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. நான்கைந்து மாதமாக மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஐந்தாறு பையன்கள் பைக்கோடு உள்ளே வந்துவிடுகிறார்கள். இரண்டு வண்டிகள் கரடுமுரடான மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்தவை. நம்பர் பிளேட் கிடையாது. மற்றவை சைலன்ஸர் மாற்றியவை. நடைபாதையிலும் புல்தரையிலும் சுற்றுகிறார்கள், வீலிங் செய்கிறார்கள். இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் என் கணவரால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. போன வாரம் ஊஞ்சல் பக்கம் நின்ற என் பேரனை ஒரு வண்டி உரசுகிற மாதிரி போனது. 100-க்குப் போன் செய்தால் போலீஸ் வருவதற்குள் பறந்துவிடுகிறார்கள். பாதையின் குறுக்கே கம்பி கட்டிவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். பையன்களில் ஒருவன் எங்கள் தெருக்காரரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். வேகமாக வரும் பைக்கின் முன்னால் மெல்லிய கம்பி கட்டினால் அது ஓட்டுபவனின் கழுத்தில்தான் விழும். உயிர் போனால் கட்டியவர்கள் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 105-ஆம் பிரிவில் வழக்கு வரும். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்த செயலுக்குப் பத்து ஆண்டு வரை சிறை. "மிரட்டத்தான் கட்டினோம்" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. இருட்டில் சைக்கிளில் வரும் ஒரு குழந்தைக்கும் அதே கம்பிதான். சங்கத்தில் இந்தப் பேச்சு மறுபடி எழுந்தால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். சாவியைப் பிடுங்குவது, டயரைக் கிழிப்பது, வழிமறித்து அடிப்பது இவையும் வேண்டாம். அவர்கள் செய்வது குற்றம்தான். ஆனால் இதில் எதையாவது செய்தால் முதல் வழக்கு உங்கள் பக்கத்து ஆட்கள் மீதுதான் பதிவாகும்.

சரி, இப்போது உங்கள் புகாருக்கு வருவோம். இதுவரை நீங்கள் "சத்தம் தாங்க முடியவில்லை" என்றுதான் சொல்லி வந்திருப்பீர்கள். வேதனை அதுதான் என்பதால் அப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் சட்டத்தில் உங்கள் புகாரின் பலவீனமான பக்கமும் அதுதான்.

காரணம் இது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் அதிகாரியிடம் புகார் செய்யலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவு ஒரு குறிப்பிட்ட நேரத்தின் சராசரி. ஒரு பைக் பத்து விநாடி அலறிவிட்டுப் போனால், அளக்கும் கருவியோடு அதிகாரி வந்து நின்றாலும் சராசரி பெரிதாக ஏறாமல் போகலாம். செல்போன் செயலியில் வரும் எண்ணை வைத்தும் யாரையும் தண்டிக்க முடியாது. இது ஒரு பக்கம். சத்தத்தைப் பொதுத்தொல்லை என்று சொல்லி நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவுக்குப் போனால் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. அது போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றமும் அல்ல. நீங்கள் போன் செய்தபோது காவலர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே புகாரைத் திருப்பிப் போடுங்கள். "சத்தம்" என்று ஆரம்பிக்காமல், "பொது இடத்தில் பதிவில்லாத, சட்டவிரோதமாக மாற்றப்பட்ட வாகனங்கள் ஆபத்தாக ஓட்டப்படுகின்றன" என்று ஆரம்பியுங்கள்.

"பூங்கா ரோடு இல்லையே, மோட்டார் வாகனச் சட்டம் அங்கே எப்படிச் செல்லும்?" என்று அந்தப் பையன்கள் கேட்கலாம், சில காவலர்களே கேட்கலாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(34) பிரிவு, சாலை, தெரு மட்டுமல்லாமல் பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள எந்த இடமும் "பொது இடம்" என்கிறது. மாநகராட்சிப் பூங்கா அதற்குள் அடங்கும். பதிவு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை: 39-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் ஓட்டக்கூடாது. அப்படி ஓட்டினால் 207-ஆம் பிரிவின் கீழ் வண்டியையே போலீஸ் பிடித்து வைக்கலாம். அபராதம் கட்டிவிட்டு மறுநாளே திரும்பி வருபவர்கள் உண்டு. வண்டி ஸ்டேஷனில் நின்றால் வர முடியாது. நம்பர் பிளேட் இல்லாத அந்த இரண்டு பைக்குகளுக்கும் இதுதான் நேர்வழி.

சைலன்ஸர் மாற்றியதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் வாகனத்தில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலித் தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. இங்கே பார்க்கப்படுவது அந்த வண்டியின் நிலை. உங்கள் பூங்காவின் சராசரி டெசிபல் அல்ல. அதனால்தான் இந்த வழி உங்களுக்குச் சுலபம்.

அப்புறம் உங்கள் பேரன். அந்தச் சம்பவத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். என் பார்வையில் புகாரின் முதுகெலும்பே அதுதான். பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி கவனக்குறைவாக நடப்பது நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். காயம் படவில்லை என்றாலும் பொருந்தும், சாலையில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. தேதி, நேரம், ஊஞ்சலுக்கும் வண்டிக்கும் எத்தனை அடி இடைவெளி, கூட நின்றவர்கள் யார் என்று இன்றே எழுதி வையுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். உரசாததை உரசியதாக எழுதினால் மற்ற உண்மைகளும் சேர்ந்து விழுந்துவிடும்.

புகார் இந்தத் தோரணையில் இருக்கட்டும்: "மேற்படி பூங்காவுக்குள் இன்ன தேதி மாலை 5.40 மணிக்குப் பதிவெண் இல்லாத இரண்டு இருசக்கர வாகனங்களும் இன்ன பதிவெண் கொண்ட வாகனமும் ஓட்டப்பட்டன. ஒரு வாகனம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு மிக அருகில் வேகமாகச் சென்றது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவுகள் 39, 182ஏ(4), 190(2), 207 மற்றும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 125-இன் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்." தனி ஆளாகக் கொடுக்காமல் பத்துப் பதினைந்து வீட்டார் கையெழுத்தோடு கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். புகாரை ஏற்க மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். கமிஷனரகம் உள்ள ஊரில் அதற்குரிய உயர் அதிகாரிக்கு அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம்.

போலீஸ் வருவதற்குள் ஓடிவிடுகிறார்கள் என்பதை நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் போலீஸ் துரத்திப் பிடிப்பதை நானும் விரும்பமாட்டேன். ஒரு பதிவெண் போதும். வாகனத்தை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி உரிமையாளரின் கடமை. ஆகவே உங்கள் வேலை பதிவெண் தெரியும்படி ஒரு படம், நேரம், தேதி. பால்கனியில் நின்று தூரத்திலிருந்து எடுங்கள், அருகே போய் நிற்காதீர்கள். போனில் இருக்கும் மூல வீடியோவை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

இது ஓட்டுபவர்களைப் பற்றியது. பூங்காவுக்குள் பைக் நுழைய முடிவதே மாநகராட்சியின் குறை. நுழைவாயிலில் வளைந்து செல்லும் தடுப்போ நெருக்கமான தூண்களோ வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்கும்போது சக்கர நாற்காலி நுழையும் அளவு வழி விடச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்தும் தடுப்பு தீர்வாகாது. ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அசையவில்லை என்றால், மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அதற்கும் மேலே போக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்துத் தொல்லையை நீக்கச் சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவு போடலாம். உங்கள் பகுதிக்கு அது வருவாய்க் கோட்டாட்சியர். அவரையும் ஆர்.டி.ஓ. என்றுதான் சொல்கிறார்கள், பலர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள், கவனமாக இருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவாக இருந்தபோதுதான் ரத்லம் நகராட்சி வழக்கு நடந்தது. திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் போட்ட மனு அது. பணமில்லை என்றது நகராட்சி. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. நிதி வந்ததும் தடுப்பு வைக்கிறோம் என்று உங்களுக்குப் பதில் வந்தால் மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். உங்கள் கணவரின் மருத்துவர் தரும் கடிதத்தையும் சேருங்கள். சத்தத்தின் கொடுமையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நிம்மதியாக வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று ஒலி மாசு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சிவில் வழக்கும் உண்டு; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு போடலாம். காலம் பிடிக்கும், இப்போதைக்கு அதை யோசிக்க வேண்டாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி 15100.

கடைசியாக அந்தத் தெருக்காரர் மகன். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு நேரே அப்பாவிடம் போகும். சிறுவன் ஓட்டிய குற்றத்துக்குப் பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. காப்பீடு இல்லாத வண்டி ஒரு குழந்தையை இடித்தால் இழப்பீடு முழுவதும் அவர் கையிலிருந்துதான். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதனால் அந்தப் பையன் விஷயத்தில் மட்டும், புகார் கொடுப்பதற்கு முன்னால் அவன் அப்பாவிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள் என்பேன். பையன் எதிரில் பேச வேண்டாம். பத்துப் பேராகப் போகாதீர்கள். சங்கச் செயலாளரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் முகம் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. படங்கள் போலீஸுக்கு மட்டும் போகட்டும். பேசிய பிறகும் அந்த வண்டி பூங்காவுக்குள் வந்தால், மற்றவர்கள் மேல் கொடுக்கும் புகாரிலேயே அதன் பதிவெண்ணையும் சேர்த்துவிடுங்கள்.