பிரதர், கொஞ்சம் வாங்க!

நைட் டூட்டியைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண் செவிலியர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டிலிருந்தும்தான். சரி, இந்த முறை முழுக்க அவர்களுக்கே. நானும் 24 வருடம் வார்டில் ‘பிரதர்’ என்று கூப்பிடப்பட்டவன் என்பதால் முதல் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை, வயது 27. ஷிப்டில் ஆறு பேர், நான் ஒருவன்தான் ஆண். நோயாளியைத் தூக்க, திருப்ப, போதையில் கத்துபவரைப் பிடிக்க, இறந்தவரை மார்ச்சுவரிக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் “பிரதர், கொஞ்சம் வாங்க!” என்று குரல் வருகிறது. என் நோயாளிகளின் வேலை அப்படியே கிடக்கிறது. மூன்று மாதமாக இடுப்பு வலி, இப்போது வலது காலில் இறங்குகிறது. சொன்னால், “ஜிம்முக்குப் போற வயசு, ஆம்பளைதானே” என்று சிரிக்கிறார்கள். (சேலம் வாசகர்)

தம்பி, முதலில் அந்தக் காலில் இறங்கும் வலி. நாளைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள். டூட்டி ரூமில் கூட இருப்பவரை விட்டு ஒரு வோவெரான் வலி ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கும் நிற்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, உங்களுக்கும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பாதம் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ நாளை வரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது, அப்போதே போக வேண்டும்.

அப்புறம் அந்த ஜிம் கதை. ஜிம்மில் தூக்குகிற கம்பி நழுவாது, நடுவில் பயந்துபோய் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் வரம்பு 35 பவுண்டு, நம் கணக்கில் 16 கிலோ. 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே 11, 12 கிலோ வரும், அதாவது இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கும்போதே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஆண் முதுகுக்கு ஒன்று, பெண் முதுகுக்கு ஒன்று என்று அதில் இரண்டு வரம்பு கிடையாது.

எனக்கு இது புரிவதற்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. விடியற்காலை மூன்று மணி இருக்கும், கட்டிலிலிருந்து சரிந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை அக்குளில் கைகொடுத்துத் தனியாகத் தூக்கினேன். பெரிதாக வலிக்கவில்லை, இடுப்புக்குள் ஈரத்துணியைக் கிழித்தது மாதிரி ஏதோ நடந்தது, அவ்வளவுதான். காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன், அந்த மூன்று வாரச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். “வீட்ல ஏதாவது தூக்கியிருப்பீங்க” என்று கேட்டபோது பதில் சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இல்லை, ஏனென்றால் அந்த ராத்திரி நான் இன்சிடென்ட் ரிப்போர்ட், அதாவது நடந்ததைப் பதிவு செய்யும் அறிக்கை, எழுதவில்லை. நோயாளி விழுந்தால்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் இடுப்பு போனாலும் எழுத வேண்டும், அன்றே, நேரத்தோடு.

தூக்குவதற்கு முன்னால் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், டிராலியின் பிரேக்கைக் காலால் மிதித்துப் பாருங்கள், நோயாளிக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் துணியை (டிரா ஷீட்) நான்கு பேர் பிடித்து இழுங்கள். தூக்குவது வேறு, இழுப்பது வேறு. நான்கு பேர் வரும்வரை கைவைக்காதீர்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், இரண்டாவது வாரம் அவர்களே ஆள் சேர்த்துக்கொண்டு உங்களைக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கைக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் உங்கள் நோயாளிக்கு எந்த மருந்து தாமதமானது. அதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டும்போது “எனக்கு வலிக்கிறது” என்று ஆரம்பிக்காதீர்கள், “என் நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் 40 நிமிடம் லேட்” என்று ஆரம்பியுங்கள். நியாயமா என்றால் இல்லை. ஆனால் மருத்துவமனையில் காது கேட்கிற மொழி அதுதான். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் என்பதையும் அப்படியே காதில் போட்டுவையுங்கள்.

கத்துபவரைப் பிடிப்பது உங்கள் வேலை இல்லை, செக்யூரிட்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள். யாராவது கைவைத்தால், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் டாக்டருக்கு மட்டுமல்ல, செவிலியருக்கும் சேர்த்துத்தான். ‘ஆம்பளைதானே, ரெண்டு அடி வாங்கினா என்ன’ என்று அதில் எங்கும் எழுதவில்லை.

கேள்வி: அண்ணா, என் கணவர் கேஷுவாலிட்டியில் நர்ஸ். போன மாதம் ஒரு குழந்தை இறந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்கிறார். (நாகர்கோவில் வாசகி)

தங்கச்சி, அந்த வண்டி சீட்டில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான மருத்துவமனைகளில் சிஸ்டர்களுக்கு உடை மாற்ற ஒரு அறை இருக்கும், ஒரு மரணத்துக்குப் பிறகு அங்கே போய் அழுவார்கள், யாராவது ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொள்வார். பிரதர்கள் சலைன் பெட்டி அடுக்கிய ஸ்டோர் ரூமில் சட்டை மாற்றுகிறவர்கள். அங்கே யார் வந்து தோளைப் பிடிப்பார்கள்? அதனால் அழுகையை வீட்டு வாசல் வரைக்கும் எடுத்து வருகிறார், வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவரத்தான் அவருக்குப் பயம்.

“என்ன ஆச்சு” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘ஒண்ணுமில்ல’ தவிர வேறு பதிலே வராது. டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பேசினால் பேசட்டும், நடுவில் ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். முடிந்தால் அன்று கூட டூட்டியில் இருந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். அந்தக் குழந்தையைப் பார்த்த இன்னொரு கண் அவருக்கு வேண்டும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், குடி கூடினால், சட்டைப் பையிலோ பேகிலோ தூக்க மாத்திரையோ ஊசி மருந்தோ இருந்தால் பொறுத்திருக்காதீர்கள். நம் தொழிலில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம், அவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: பெண் நோயாளிகளுக்கு ஆண் நர்ஸ் எதற்கு? கூச்சமாக இருக்காதா? (மதுரை வாசகர்)

இருக்கும், அவருக்கும் இருக்கும், எங்களுக்கும் இருக்கும். அதனால்தான் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது மாதிரி வேலைகளுக்கு முதலில் சம்மதம் கேட்கிறோம், பெண் ஊழியர் ஒருவர் கூட நிற்கிறார், வேண்டாம் என்றால் சிஸ்டரை அனுப்புகிறோம். அந்த அம்மாவுக்கு மட்டுமல்ல, நாளைக்கு ஒரு பொய்ப் புகார் வந்தால் எனக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கும்போது இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியதா என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம். ஆண்களுக்கு அரசு வேலை கிடைக்குமா? (திருநெல்வேலி மாணவர்)

கிடைக்கும், வாசல்தான் கொஞ்சம் குறுகல். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்கும் நார்செட் தேர்வில் 80 சதவீத இடம் பெண்களுக்கு, மீதி 20-இல் தான் நீங்கள். ராணுவ நர்சிங் சேவையில் பெண்களை மட்டுமே எடுக்கிறார்கள். மாநில அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைத் தவறாமல் பாருங்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கே 1960-இல் தான் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்தது, எனவே நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். டயாலிசிஸ், மனநலம், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒன்றில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெண் பார்க்கப் போகும் இடத்தில் “நர்ஸ்னு சொல்லாதே, ஆஸ்பத்திரியில வேலைன்னு சொல்லு” என்கிறார் அம்மா. (கும்பகோணம் வாசகர்)

நர்ஸ் என்றே சொல்லுங்கள். பெண் வீட்டார் பின்வாங்குவது பெரும்பாலும் வேலையின் பெயரைக் கேட்டல்ல, சம்பளத்தைக் கேட்டு. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்த வேண்டிய பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது, உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால் மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். அம்மாவின் கோபத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ‘பிரதர்’ என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை. வேறு என்ன சொல்லச் சொல்லலாம்? (ஈரோடு வாசகர்)

மத்திய அரசு மருத்துவமனைகளில் 2016-இல் ‘நர்சிங் ஆபிசர்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வார்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘செவிலியர்’ நல்ல சொல்தான், ஆனால் சங்கப் பாட்டில் செவிலி என்றால் வளர்ப்புத் தாய், நம் மீசைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று முதல் வருடம் நானும் யோசித்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டி பன்னிரண்டு நாளும் என்னை ‘சிஸ்டர் தம்பி’ என்றே கூப்பிட்டார். டிஸ்சார்ஜ் அன்று பேத்தி, “பாட்டி, அவர் பிரதர்” என்று திருத்தினாள். “எனக்குத் தெரியாதாடி, சிஸ்டருங்க செய்யிற அத்தனையும் இந்தத் தம்பி செஞ்சுது, பின்ன எப்படிக் கூப்பிடறதாம்?” என்று கேட்டுவிட்டு என் கையில் ஒரு கொய்யாப்பழத்தைத் திணித்தார்.