பவளத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? கேள்வி பதில்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கும் வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், நீரின் இரசாயனத்தோடு தொடர்புடையவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மீன் நோய், விளக்கு, பம்பி விலை என்பவற்றை அவற்றை அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

வவுனியா: எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தொட்டி உப்பைக் கலந்து நிரப்பலாமா?

வேண்டாம். உங்கள் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கே போதிய விடை. கல்சியமும் காபனேற்றும் கணக்கில்லாமல் வந்து சேரும் தண்ணீரில், பொதியில் விற்கும் தொட்டி உப்பின் அளவுகள் எல்லாம் பொய்த்துவிடும். வயலை அண்டிய கிணறானால் பசளையின் நைத்திரேற்றும் கூடவே வரும். ஊரிலுள்ள ஆர்.ஓ. (சவ்வினூடாக வடிக்கும்) நிலையத்து நீர் நல்லதுதான். ஆனால் குடிப்பதற்காக வடிக்கும் இடங்களில் சுவைக்காகச் சிறிது கிணற்று நீரைத் திரும்பக் கலப்பதுண்டு. ஆகையால் நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவைக் காட்டும் ரீ.டி.எஸ். மானியை வைத்துப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இல்லாவிட்டால் எஞ்சிய உப்புக்களைப் பிடிக்கும் அயன் பரிமாற்றுப் பிசினூடாக ஒருமுறை விட்டெடுங்கள். ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்யவும் இதே நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல; ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். உவர்த்தன்மை (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) 35ஆக இருந்த 200 லீற்றர் தொட்டியில் 10 லீற்றர் ஆவியானால் அது ஏறக்குறைய 36.8 ஆகிவிடும்.

கிளிநொச்சி: காரத்தன்மை இறங்கிக்கொண்டே போகிறது. போத்தலில் எழுதியபடி மருந்து ஊற்றியும் ஒரு கிழமை 7, மறு கிழமை 10 என்று காட்டுகிறது. என்ன செய்யலாம்?

காரத்தன்மை என்பது பெரும்பாலும் நீரிலுள்ள காபனேற்று, இருகாபனேற்று ஆகியவற்றின் அளவு; அதன் அலகு டி.கே.எச். போத்தலில் எழுதியவருக்கு உங்கள் தொட்டியில் எத்தனை பவளம் இருக்கிறது என்பது தெரியாது. கற்பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கல்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரே விகிதத்தில் எடுக்கிறது: காரத்தன்மை 1 டி.கே.எச். குறையும்போது கல்சியம் லீற்றருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் குறையும். எனவே முதலில் மருந்தை நிறுத்தி, மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து, நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.3 என்று வைத்துக்கொள்வோம். 100 லீற்றர் நீரில் 1 டி.கே.எச். உயர்த்த 3 கிராம் அப்பச்சோடா வேண்டும்; ஆகவே 200 லீற்றர் தொட்டிக்கு நாளொன்றுக்கு 1.8 கிராம். அதற்கு ஈடான கல்சியத்துக்கு, இருநீரேற்றுக் கல்சியம் குளோரைட்டு 1.6 கிராம் அளவில். இரண்டையும் வெவ்வேறு நேரத்தில், நீரோட்டமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஒன்றாக ஊற்றினால் பாலாய்த் திரைந்து வெள்ளையாகப் படியும், உங்கள் பணமும் அதிலேயே போகும்.

7இலா 9இலா வைத்திருப்பது என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கு 7.5இலும் சம்மதம், 9இலும் சம்மதம். ஒரு கிழமைக்குள் இரண்டையும் பார்ப்பதில்தான் சம்மதமில்லை. ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றாதீர்கள். அளக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

மல்லாவி: வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா? இரசாயனம் ஒன்றுதானே?

தொட்டிகளுக்கு ஊற்றும் கல்சியம் ஐதரொட்சைட்டும் அதுவும் அடிப்படையில் ஒன்றுதான், தூய்மை ஒன்றல்ல. சிப்பி சுட்ட சுண்ணாம்பில் வேறென்ன இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தூய கல்சியம் ஐதரொட்சைட்டேயானாலும், நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பி.எச். 12ஐத் தாண்டும்; ஆகவே துளித்துளியாக, தொட்டியின் பி.எச். இறங்கும் இரவில் மட்டும் விடுங்கள்.

முல்லைத்தீவு: கடல் வாசலில் இருக்கும்போது பொதி உப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

நல்ல கேள்வி, பதில் காலத்தைப் பொறுத்தது. நல்ல கடல்நீரில் உவர்த்தன்மை 35, கல்சியம் லீற்றருக்கு 410 மில்லிகிராமளவில், மகனீசியம் 1280 அளவில், காரத்தன்மை 7 டி.கே.எச்.சுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் வடகீழ்ப் பருவமழையில் நந்திக்கடல் களப்பு வட்டுவாகலால் கடலில் கலக்கும்போது, வயல்வெளியின் வெள்ளமும் பசளையும் கரையோரத்தில் நிற்கும்.

மீண்டும் முல்லைத்தீவு: என் மாமா ஆழ்கடலில் இருந்து படகில் கொண்டுவருவார். அதுவும் குற்றமா?

குற்றமென்று நான் சொல்லவில்லையே. கோடையில், கரையிலிருந்து விலகி, எரிபொருள் படாத கலனில் எடுத்த நீரென்றால் வடித்து, உவர்த்தன்மையையும் பொசுபேற்றையும் அளந்து தாராளமாகப் பாவியுங்கள். மாரியில் மாமாவுக்கு ஓய்வு கொடுங்கள்.

பரந்தன்: இந்த வாதத்தில் ஆனையிறவு உப்பளத்தை மறந்துவிட்டீர்கள். அந்த உப்பும் கடல்நீரில் விளைந்ததுதானே? அதைக் கரைத்தால் கடல்நீர் கிடைக்காதா?

கிடைக்காது. உப்பளத்தின் வேலையே கடல்நீரைப் பிரித்தெடுப்பதுதான். நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பின்னரே கறியுப்பு விளையும். மகனீசிய உப்புக்கள் எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடும். பள்ளி விஞ்ஞானப் பாடத்திலுள்ள விடயம் இது. சோற்றுக்கு வேண்டாமென்று ஒதுக்கியவையே பவளத்துக்கு வேண்டியவை.

மீண்டும் பரந்தன்: குறைந்தவற்றைத் தனித்தனியாகச் சேர்த்தால்?

கல்சியத்தையும் மகனீசியத்தையும் சேர்த்துவிடலாம். பொற்றாசியம், ஸ்ரொன்சியம், புரோமைட்டு என்று பட்டியல் நீளும். அத்தனையையும் வாங்கி நிறுத்துக் கலக்கும் செலவுக்குப் பொதி உப்பே மலிவு. ஊர்ப்பற்று எனக்கும் உண்டு. ஆனையிறவு உப்பைக் குழம்பில் போடுகிறேன்.

புதுக்குடியிருப்பு: விடியற்காலையில் பி.எச். 7.8. கடைக்காரர் ‘பி.எச். ஏற்றி’ என்று ஒரு மருந்தைத் தருகிறார்.

வாங்காதீர்கள். இரவில் ஒளித்தொகுப்பு நிற்பதால் காபனீரொட்சைட்டு சேர்ந்து பி.எச். இறங்குவது இயல்பு. ஒரு குவளை தொட்டி நீரை முற்றத்தில் வைத்து, காற்றுப் பம்பியால் ஒரு மணித்தியாலம் குமிழ விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் பழுது நீரில் இல்லை, அடைத்த அறையில்தான், யன்னலைத் திறவுங்கள்.

ஒட்டுசுட்டான்: எவ்வளவு கொடுத்தும் காரத்தன்மை ஏறவில்லை. வெப்பமூட்டியிலும் பம்பியிலும் வெள்ளைப் படிவு.

மகனீசியத்தை அளந்தீர்களா? அது 1200க்குக் கீழே போனால் கல்சியமும் காபனேற்றும் பவளத்துக்குப் போகாமல் கருவிகளில் படியும். 1300 அளவுக்கு மெல்ல உயர்த்துங்கள். அதுவரை வேறெதையும் ஊற்ற வேண்டாம்.

மன்னார்: கடலுக்குள் போய் ஒரு சிறு கற்பவளத் துண்டு எடுத்தால் என்ன?

சட்டம் காக்கும் உயிரினம் அது. அளவு சிறியதென்றாலும் எடுக்கக் கூடாது.

நெடுங்கேணி: ஆவியாகிக் குறைந்த நீருக்கு உப்புநீர்தானே ஊற்றுவது?

வவுனியாவுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

மாங்குளம்: தொட்டி வற்றிவிட்டது. எத்தனை கிராம் உப்புப் போட்டு நிரப்புவது?

நெடுங்கேணிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.