சனிக்கு 62 நிலாவா, 146 நிலாவா?

கேள்வி: மகளுக்காகச் சூரியக் குடும்பச் சுவர்ப்படம் ஒன்றும் வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றும் வாங்கினேன். சனிக்குத் துணைக்கோள்கள் 62 என்கிறது படம். 146 என்கிறது புத்தகம். பிழையானதை மாற்றித் தரும்படி கேட்டால் கடைக்காரர் மறுக்கிறார். எதைத் திருப்பிக் கொடுப்பது?

பதில்: எதையும் வேண்டாம். அச்சேறிய காலத்தில் இரண்டுமே சரிதான். 2019 தொடக்கம்வரை 62, அதே ஆண்டு அக்டோபரில் 82, 2023இல் 146. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 சேர்ந்து 274 ஆயிற்று. புதியவற்றுள் பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அகலமே உள்ள பாறைத் துண்டுகள்.

எண் இப்படி ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் உண்டு. 2006இல் கோளுக்கு வரையறை வகுத்த பன்னாட்டு வானியல் ஒன்றியம், துணைக்கோள் குறைந்தது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு அதைச் சுற்றி வந்தால் போதும். உருண்டையாக இருக்க வேண்டியதில்லை. சுற்றப்படுவதும் கோளாக இருக்க வேண்டியதில்லை: ஐடா என்ற சிறுகோளுக்கே டாக்டைல் என்ற குட்டித் துணை இருக்கிறது.

அப்படியானால் சனி வளையத்தின் ஒவ்வொரு பனிக்கட்டியும் துணைக்கோளா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். கறாராகப் பார்த்தால் மறுப்பது கடினம். தனியாக அடையாளம் கண்டு, பாதையைக் கணிக்க முடிந்தவற்றையே பட்டியலில் ஏற்றுகிறார்கள். கோடு எங்கே என்பதில் எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

எப்போது தயங்காமல் திருப்பித் தரலாம்? பூமிக்கு இரண்டாவது நிலா என்று காமோஓஅலெவா என்ற சிறுகோளைப் போட்டிருந்தால். அது சூரியனைத்தான் சுற்றுகிறது; நம்மோடு கூடவே வருவதால் பூமியைச் சுற்றுவதுபோல் தோன்றுகிறது. ஆனால் புதனைவிடப் பெரிய கானிமீடைத் துணைக்கோள் என்று போட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். அது வியாழனைச் சுற்றுகிறது, அளவு இங்கே பேச்சே இல்லை. புளூட்டோவின் துணையான சாரன் மட்டும் இழுபறி: அதுவும் புளூட்டோவும் சுற்றும் பொது மையம் புளூட்டோவுக்கு வெளியே இருப்பதால் இரட்டைக் கோள் என்பாரும் உண்டு.

அடுத்த முறை பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘இந்த ஆண்டு நிலவரப்படி’ என்று அச்சிடும் பதிப்பாளர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ‘சனியின் நிலாக்களைக் காணலாம்’ என்று தொலைநோக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவியில் டைட்டன் தெரியும். 150 இருந்து வானமும் இருட்டாக இருந்தால் ரியா, டெத்திஸ், டயோனி, இயாபெட்டஸ் சேரும். எல்லாமே வெறும் ஒளிப்புள்ளிகள். பெட்டியின் மேல் இருக்கும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் விண்கலங்கள் எடுத்தவை. அவற்றைப் பார்த்து விலை பேசாதீர்கள். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களுக்கோ நல்ல பைனாகுலரே போதும்.