ஞாயிறு முழுக்க ஓய்வு, ஆனாலும் களைப்பு!

கேள்வி: கல்லூரியில் நிறைய வரைவேன். இப்போது மென்பொருள் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓய்வுதான்: எழுந்ததும் கொஞ்சம் போன், சாப்பிடும்போது ஒரு சீரிஸ், மதியம் ரீல்ஸ். ஆனாலும் சாயங்காலம் பேப்பரை எடுத்து வைத்தால் ஒரு கோடுகூட வருவதில்லை. வரைகிற திறமையே போய்விட்டதா?

பதில்: திறமை எங்கும் போகாது, பழக்கம் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் அந்த 'முழுக்க ஓய்வு' மேல்தான். உடம்பு படுத்திருக்கிறது, சரி, கண்ணுக்கும் காதுக்கும் லீவு விட்டீர்களா?

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான் இருக்கும், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே சாப்பிட்டுவிடுகிறது. கஷ்டமான கணக்கு ஒன்றைப் போட உட்கார்ந்தால் இந்தச் செலவு எகிறும் என்றுதானே நினைப்போம்? 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. அப்படியென்றால் சும்மா இருக்கும்போதும் அது ஏதோ வேலையாகத்தான் இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கல் 2001-ல் இதற்கு 'டிஃபால்ட் மோட்' என்று பெயர் வைத்தார். வெளியிலிருந்து எந்த வேலையும் வராத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து சுறுசுறுப்பாகின்றன, மனசும் போன வருஷத்து நினைவு, நாளைய கவலை, எப்போதோ பார்த்த ஒரு முகம் என்று எதையாவது எதனோடாவது முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறது. புது யோசனைக்கான சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் சேர்கிறது. ஒரு ரீல் முடிவதற்குள் அடுத்தது ஓட ஆரம்பித்தால் அது எப்போது சேரும்?

அடுத்த ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போனை வேறு அறையில் வையுங்கள். போரடிக்கும், பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களை 15 நிமிடம் தனியறையில் வெறுமனே உட்காரவைத்து, கூடவே லேசான மின் அதிர்ச்சி தரும் பட்டன் ஒன்றையும் வைத்தார்கள். 'காசு கொடுத்தாவது இந்த ஷாக்கைத் தவிர்ப்பேன்' என்று சொன்ன ஆட்கள்தான், இருந்தாலும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சும்மா உட்கார முடியாமல் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்! நமக்குக் கை போனைத் தேடுகிறது, அது பரவாயில்லை.

அப்புறம் பெரிதாக எதையும் வரைய வேண்டாம். எதிரே இருக்கும் நாற்காலியின் ஒரு காலை மட்டும், அது தரையைத் தொடும் இடத்தில் விழும் நிழலோடு வரையுங்கள். முக்கியமாக, அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் அதுவும் ஆபீஸ் வேலை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: 'வேகத்தைக் குறை, உனக்கென்று நேரம் ஒதுக்கு' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இரண்டு சின்னக் குழந்தைகள், வேலை, வயதான மாமியார். கணவர் கேட்டால் உதவி செய்வார். நேரத்தை எங்கிருந்து ஒதுக்குவது? எரிச்சல்தான் வருகிறது.

பதில்: நியாயமான எரிச்சல். இந்த மாதிரி அறிவுரையில் டார்வின் கட்டாயம் வருவார். காலையில் ஒன்றரை மணி நேரம் வேலை, ஓர் இடைவெளி, மறுபடி ஒன்றரை மணி நேரம், பிறகு வீட்டை ஒட்டிய நடைபாதையில் சுற்றிச் சுற்றி நடை, அதிலேயே அத்தனை புத்தகம் என்பார்கள். சமையலுக்கும் குழந்தைகளுக்கும் ஆட்கள் இருந்ததையும், சம்பளத்துக்குப் போகத் தேவையில்லாத அளவுக்குச் சொத்து இருந்ததையும், வீட்டை மனைவி எம்மா பார்த்துக்கொண்டதையும் அதே வேகத்தில் தாண்டிவிடுவார்கள்.

ஆகவே உங்கள் வேலையை யார் கையில் கொடுப்பது என்று யோசித்தால்தான் நேரம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஒவ்வொரு மணி நேரம், கணவர் பொறுப்பு என்று பேசி முடிவெடுங்கள். 'உதவி' என்ற பெயரில் வேண்டாம், ஏனென்றால் உதவி செய்ய வருபவர் குழந்தையின் சட்டை எங்கே, பெரியவருக்கு எந்த மாத்திரை என்று கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் சொல்ல நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் வாரம் அவர் தடுமாறுவார். தடுமாறட்டும், நீங்கள் உங்கள் அறைக் கதவைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று, 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிகக் கவனம் தேவைப்படாத சின்ன வேலை ஒன்றை நடுவில் செய்தவர்களுக்கு, ஏற்கெனவே யோசித்துவைத்த விஷயத்தில் புது யோசனைகள் அதிகம் வந்தன. கஷ்டமான வேலை செய்தவர்களையும் சும்மா இருந்தவர்களையும்விட அதிகம். துணி மடிக்கும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் இருந்து பாருங்கள். இதை வைத்து 'பாத்திரம் கழுவுவதே ஓய்வுதானே' என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் ஸ்பாஞ்சை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: அதற்கு முன்னால் வேலை நடந்ததா என்று பாருங்கள். பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்கரே பஸ்ஸில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில் அவருக்குப் பெரிய யோசனை ஒன்று வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பு வாரக்கணக்கில் அதே விஷயத்தோடு மல்லுக்கட்டியதை யாரும் சொல்வதில்லை. 1908-ல் அவரே எழுதியிருக்கிறார்: அறிந்து செய்த உழைப்பு முன்னால் இருந்தால்தான் மனசு உள்ளுக்குள் செய்யும் வேலைக்குப் பலன் உண்டு. முட்டி மோதிய பிறகு எழுந்து போவது ஓய்வு. தொடங்குவதற்கு முன்பே எழுந்து போவதை என்னவென்று சொல்ல, உங்களுக்கே தெரியும். எழும் முன் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பாதியில் விட்ட வேலை மண்டைக்குள் நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடலாமா?

பதில்: தாராளமாக, குட்டியாக இருந்தால். 2021-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் குறுக்குவழி ஒளிந்திருந்த ஓர் எண் புதிரைக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் ஓய்வு விட்டார்கள். லேசான தூக்கத்தில் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் அதைப் பிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். ஆழ்ந்து தூங்கியவர்கள்? 14 சதவீதம்தான். ராத்திரித் தூக்கத்துக்கு இது ஈடாகாது, பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும்.

கேள்வி: ஒரு வாரம் லீவு போட்டும் களைப்பு தீரவில்லை. பிடித்த பாட்டுகூட இரண்டு மாதமாகப் பிடிக்கவில்லை.

பதில்: இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, இதில் எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. பிடித்தது எதுவும் பிடிக்காமல் இரண்டு வாரம் தாண்டினாலே பார்த்துவிடுவது நல்லது, உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.