தாத்தாவின் யாஷிகா: விற்பதா, பழுது பார்ப்பதா?

கேள்வி: டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த எங்கள் தாத்தாவின் யாஷிகா-மேட் 124ஜி கேமரா, தோல் உறையோடு அலமாரியில் கிடந்தது. கூடவே ஒரு தகர டப்பா நிறைய நெகட்டிவ்கள். லென்ஸுக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. வெளிச்சம் காட்டும் முள் அசையவே இல்லை. விற்றுவிடு என்கிறார் அண்ணன். என் மகளோ தைப்பூசக் காவடியை இதில்தான் எடுப்பேன் என்கிறாள். பழுது பார்க்கச் செலவு செய்யலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: முள்ளை மறந்துவிடுங்கள் அம்மா. முதலில் ஷட்டரைப் பாருங்கள்.

பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் போடாமலே, பக்கவாட்டுக் கைப்பிடியை முன்னால் சுற்றிப் பின்னால் திருப்பினால் ஷட்டர் தயாராகிவிடும். வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். உள்ளே பல்சக்கரம் கிர்ரென்று ஓடி, ஒரு நொடியில் ஷட்டரின் மெல்லிய தகடுகளான இதழ்கள் மூட வேண்டும். பழைய எண்ணெய்ப்பசை இறுகிப்போன கேமராக்களில் முதலில் மக்கர் பண்ணுவது இந்த மெதுவான வேகங்கள்தான். 1 நொடி இழுத்துக்கொண்டு நின்றாலும் 1/125, 1/250 ஒழுங்காக ஓடினால் வெயிலில் எடுக்க அது போதும். செல்ஃப் டைமர் கொக்கியை மட்டும் தொடாதீர்கள். அது பாதியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்பவர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். இதழ்கள் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது லென்ஸ். வேகத்தை 'பி'யில் வைத்து, ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரை 3.5-க்கு முழுதாகத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. டர்பனின் ஈரக்காற்றுக்கு இது சகஜம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோல் உறை அதை இன்னும் வளர்த்துவிடும். இனி உறையை வேறிடத்தில் வையுங்கள். கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

இந்தக் கேமராவின் இரண்டு லென்ஸில் மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு மட்டும். அதில் பூஞ்சை இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கீழ் லென்ஸில் ஓரமாகக் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் மூட்டமாகப் படர்ந்திருந்தால்தான் படம் வெளுத்துப்போகும், அதுவும் சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது. சில சமயம் துடைத்தால் போய்விடும், சில சமயம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கும். கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வந்த பிறகு பணத்தைப் பேசுங்கள். பூச்சு போயிருந்தால் ஷோகேஸ்தான். ஷட்டரும் கீழ் லென்ஸும் தேறினால், முழு சர்வீஸுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

முள் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டரி. இந்தக் கேமராவின் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பாட்டரிக்காகச் செய்யப்பட்டது; அந்த வகை இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்காகச் செலவு செய்யாதீர்கள், போனில் லைட் மீட்டர் செயலி இருக்கிறது.

விற்பது பற்றி: 1929-இல் வந்த ரோலைஃபிளெக்ஸ் என்ற ஜெர்மன் இரட்டை லென்ஸ் கேமரா காட்டிய வழியில், அதைவிட மலிவாகச் செய்யப்பட்ட கேமரா இது. 1970 முதல் 1986 வரை தயாரானதால் அபூர்வப் பொருளும் ஆகாது. பூஞ்சையோடு விற்றால் அண்ணன் நினைக்கும் தொகை வராது.

ஆனால் வேலை செய்யும் 124ஜி வேறு விஷயம். 1901-இல் கோடக் கொண்டுவந்த, இதற்குப் போடும் 120 என்ற அகல ரோல் ஃபிலிம் இன்றும் புதிதாகத் தயாராகிறது. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். ஒவ்வொன்றும் சுமார் 56 மில்லிமீட்டர் சதுரம், 35 எம்.எம். படமோ 24-க்கு 36. அதாவது மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் சரிகையின் இழையும், நெற்றியில் காய்ந்து வெடித்த விபூதியும் பிரிந்து தெரியும். இந்தக் கேமராக்களின் மவுசு குறையாததற்கு முதல் காரணம் இந்தப் பரப்புதான் என்பது என் கட்சி. பழைய பொருள் மோகமெல்லாம் அப்புறம்.

காவடிக்கு இது பொருத்தமான கேமராவும்கூட. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். உச்சி வெயிலில் காவடி வளைவின் நிழல் முகத்தில் விழும்போது, சின்ன ஃபிளாஷ் ஒன்று கண்களை மீட்டுத்தரும். கூட்டம் மறைத்தால் கேமராவைத் தலைக்கு மேல் தலைகீழாகத் தூக்கி, அண்ணாந்து, காட்சி தெரியும் மேல் கண்ணாடியைப் பார்த்து எடுக்கலாம். பத்திரிகைக்காரர்களின் பழைய வித்தை. ஒரு சிக்கல்: கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். நடந்துவரும் காவடியைப் பின்தொடர்ந்தால் கை எதிர்த்திசையில் போகும். திருவிழாவுக்கு முன்பே தெருவில் போகும் கார்களை வைத்து மகள் பழகிக்கொள்ளட்டும்.

முதல் ரோலுக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் மாதிரி 400 வேகக் (ஐ.எஸ்.ஓ. 400) கறுப்பு வெள்ளை ஃபிலிம் போதும். நல்ல வெயிலில் வேகம் 1/500, அப்பர்ச்சர் எஃப்/16. 500-ஐ வைப்பதானால் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பின்மூடியில் உள்ள, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் அழுத்துத் தகடு 120-க்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இரட்டை நீளமான 220 ஃபிலிமுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. மேலே கண்ணாடிக்குக் கீழிருக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது; அதன் வெள்ளிப்பூச்சு முன்பக்கம் இருப்பதால் கீறிவிடும்.

அந்தத் தகர டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் நெகட்டிவின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றை மற்றதிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பழைய வீட்டு வாசல் அவற்றில் இருக்கக்கூடும். கேமரா பழுதுக்கு நாள் ஆகும். நெகட்டிவ் வேலையை இந்த வாரமே தொடங்கலாம்.