யாரும் போகாவிட்டால் கருத்துக்கேட்புக் கூட்டம் ரத்தாகுமா?

கேள்வி: மணலியில் ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். "யாரும் போகாதீங்க, ஆள் வரலைன்னா தானா ரத்தாயிடும். இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க, நானே சேர்த்துடறேன்" என்கிறார் ஒருவர். வாடகைக்குக் குடியிருக்கும் நான் பேசலாமா?

பதில்: பேசலாம். பட்டா, சொந்த வீடு என்ற நிபந்தனை விதியில் எங்கும் இல்லை.

கூட்டம் ரத்தாகாது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி (இந்தக் கூட்டங்களுக்கான மத்திய அரசு விதி இதுதான்), கூட்டம் தொடங்க இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கே கிடையாது. காலி நாற்காலிகளை வைத்தும் நடத்தி முடிக்கலாம். "ஆட்சேபணை எழவில்லை" என்று எழுத அதைவிட வசதி வேறென்ன?

அந்தத் தாளில் மேலே என்ன இருக்கிறது? வெறுமையாக இருந்தால் தொடவே வேண்டாம். நாளைக்கு அதில் "வேலைவாய்ப்புக்காக வரவேற்கிறோம்" என்று ஏறிவிடும். கூட்டத்தில் வைக்கும் வருகைப் பதிவேடு வேறு. அதிலும் தலைப்பைப் படித்துவிட்டே பெயர் எழுதுங்கள்.

உங்கள் மனுவை நீங்களே தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரை வாங்குங்கள். "மக்கள் பாதிக்கப்படுகிறார்கள்" என்று மொட்டையாக எழுதினால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். மதில் சுவரிலிருந்து உங்கள் தெரு எத்தனை மீட்டர், இரவு எத்தனை மணிக்கு நெடி வருகிறது, காற்றை ஆலைத் தரப்பு எந்த மாதங்களில், எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள். அளந்த விவரம் ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையில் இருக்கும்; ஆட்சியர் அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் பார்க்கலாம். தமிழ்ச் சுருக்கமும் தருவார்கள். அதைப் புரிந்துகொள்ள இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஒத்திவைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அவசர நிலை ஏற்பட்டு, ஆட்சியர் பரிந்துரைத்தால் மட்டுமே தள்ளிவைக்கலாம். புதிய தேதியை, முதல் அறிவிப்பு வந்த அதே நாளிதழ்களில் திரும்ப அறிவித்து, மறுபடி 30 நாள் அவகாசம் தர வேண்டும். மழை என்று சொல்லி நிறுத்திவிட்டு அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அது செல்லாது, எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் விளக்கி வாசித்து, அன்றைக்கே ஆட்சியர் தரப்பில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போன பிறகுதான் பெரும்பாலும் அது நடக்கும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் எழுந்து சத்தமாகச் சொல்லுங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்.